இல்லை என்று எழுதிய குறிப்பேடு

ஹைதராபாத்தின் பேகம்பேட்டை விமான நிலையத்திலிருந்து பயணியர் விமானங்கள் 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்துக்குக் குடிபெயர்ந்தன. ஹாங்கர்கள் சில அங்கேயே தங்கிவிட்டன. அவற்றுள் ஒன்றின் பின்புறத்தில், குளிர்சாதனம் ஓயாது இரைந்துகொண்டிருக்கும் ஓர் அறையில், ஆறு சிறு விமானங்களுக்கான உதிரிபாகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. வாசலில் வெப்பமும் ஈரப்பதமும் நாளுக்கு இருமுறை குறிக்கப்படும் அட்டை தொங்கும். ரப்பர் வளையங்களுக்கும் ஆயுட்காலம் உண்டு. பயன்படுத்தாவிட்டாலும் அவை மூப்படையும். உள்ளே கம்பிவலை அடைத்த ஒரு மூலை. சான்றிதழ் வந்து சேராத பாகங்கள் அங்கே காவலில் கிடக்கும். காகிதம் இல்லாத பாகம் எவ்வளவு புதியதாயினும் விமானத்தொழிலில் அது பாகமே அன்று.

தொழிற்பொறியியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த ஆய்வு மாணவி ஒருத்தி அந்த அறைக்குள் நுழைந்தபோது அவள் கையில் இருந்தது ஒரே கேள்வி: இந்த ஆறு விமானங்களுக்கு ஓராண்டில் உதிரிபாகச் செலவு எவ்வளவாகும்?

கேட்பதற்கு எளிய கேள்வி. கடந்த ஆண்டின் கணக்கை எடுத்துப் பத்து விழுக்காடு கூட்டி எழுதிவிடலாம். பல அலுவலகங்களில் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் சிறிய விமானக் குழுவில் கடந்த ஆண்டு என்பது பெரும்பாலும் பொய்ச்சாட்சி. பி.டி.6 வகை டர்போப்ராப் எஞ்சின்கள் பலவற்றுக்கு 3,600 பறப்பு மணிக்கு ஒருமுறை முழுப் புதுப்பிப்பு. ஆண்டுக்கு 500 மணி பறக்கும் விமானத்துக்கு அது ஏழாண்டுக்கு ஒருமுறை வரும். ஆறு விமானங்களும் அடுத்தடுத்து வாங்கப்பட்டவை என்றால், ஐந்தாறு ஆண்டுகள் கணக்கு அமைதியாகக் கிடந்து, பிறகு ஈராண்டுகளில் எல்லாம் சேர்ந்து வந்து விழும். அந்த அமைதியான ஆண்டுகளின் சராசரியை நம்பியவன் ஏழாம் ஆண்டில் கடன் வாங்குவான். இதனோடு டாலர். 2014இல் 60 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 2024இல் 83ஐ ஒட்டி நின்றது. தயாரிப்பாளர் விலைப்பட்டியலில் ஒரு காசுகூட ஏற்றாதிருந்தாலும் இந்தியாவில் அதே பாகத்தின் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்திருக்கும். தயாரிப்பாளர்களோ விலை ஏற்றாதிருப்பவர்கள் அல்லர்.

எஞ்சின் புதுப்பிப்பு, தரையிறங்கு சக்கரத் தொகுதி, சுழல்விசிறி ஆகியவற்றின் தேதியையாவது முன்கூட்டியே கணிக்கலாம். தொல்லை தருபவை தேதியின்றிக் கெடுபவை. இவற்றுக்கென 1972இல் ஜே. டி. க்ராஸ்டன் ஒரு முறை வகுத்தார். பல மாதம் பூச்சியம், திடீரென ஒன்று, மீண்டும் பூச்சியம் என வரும் தேவையைச் சாதாரணச் சராசரி முறைகள் தவறாகவே படிக்கும். தேவை எழும்போது அதன் அளவு என்ன, ஒரு தேவைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி என்ன என்று இரண்டாகப் பிரித்து மதிப்பிட வேண்டும் என்றார் அவர். அம்முறை தேவையைச் சற்றே மிகைப்படுத்துகிறது என்பதை சின்டெடோஸ், பாய்லன் என்ற இருவர் 2001இல் காட்டினர்; 2005இல் அதற்கொரு திருத்தமும் தந்தனர். ஓர் எளிய சூத்திரத்தின் சாய்வு வெளிப்பட 29 ஆண்டுகள் ஆயின என்பதில் ஆய்வுலகத்தார் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

மாணவியின் முதல் அத்தியாயம் இந்தத் திருத்தத்தின் மேல் எழுந்தது. எடுத்துக்கொண்ட பாகம் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர். எஞ்சினைக் கிளப்பும்போது மோட்டாராகவும், கிளப்பிய பின் மின்னாக்கியாகவும் வேலை செய்யும் பொருள் அது, விமானத்துக்கு இரண்டு. உள்ளே உள்ள கார்பன் பிரஷ்கள் தேய்ந்துகொண்டே வரும். கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழுது நீக்கி மீண்டும் மாட்டுவார்கள். ஆறு விமானம், தலா இரண்டு, ஆண்டுக்கு 500 மணி: மொத்தம் 6,000 அலகு மணி. ஆயிரம் மணிக்கு ஒருமுறை கழற்ற நேரும் என்ற தயாரிப்பாளரின் கணக்குப்படி ஆண்டுக்கு ஆறு. ஆனால் ஸ்டோர்ஸின் கணினிப் பதிவில் ஐந்தாண்டுகளில் 19 வழங்கல்களே இருந்தன. க்ராஸ்டன் வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 என்று வந்தது. திருத்தத்துக்குப் பின் 3.8. (19ஐ 5ஆல் வகுத்தாலும் 3.8தான். இதை அவளுடைய நெறியாளர் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினார், அவள் சிரிக்கவில்லை.)

தயாரிப்பாளர் சொன்ன ஆறுக்கும் பதிவு சொன்ன 3.8க்கும் உள்ள இடைவெளிக்கு அவளிடம் ஒரு விளக்கம் இருந்தது. பாகம் விற்பவன் பாகம் அடிக்கடி கெடும் என்றுதான் சொல்வான். இந்தச் சந்தேகம் அவளுக்கு மட்டும் உரியதன்று. விமானம் வாங்கும் ஒவ்வொரு நாட்டின் கணக்காளர்களிடமும் அது உண்டு. தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் உதிரிபாகப் பட்டியலைக் கண்டதும் பேனாவை எடுத்து வெட்டத் தொடங்குவது ஒரு தொழில்முறைப் பழக்கம். அது பெரும்பாலும் தவறான பழக்கமும் அன்று.

அடுத்தது கையிருப்பு. பழுதுக்குச் சென்ற பாகம் 60 நாளில் திரும்பும் என்பது ஒப்பந்தம். ஆண்டுக்கு 3.8 என்றால், எந்த ஒரு நாளிலும் பழுதில் இருக்கும் அலகுகள் சராசரியாக 0.62. மீதியைப் பாய்சான் பரவல் பார்த்துக்கொள்ளும். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து மாண்ட வீரர்களின் எண்ணிக்கையை 1898இல் போர்ட்கியெவிச் இதே பரவலில் பொருத்திக் காட்டினார். அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் நிகழ்பவை எவையாயினும், உதையோ பழுதோ, அதற்கு ஒன்றே. கணக்கு சொன்னது: கையில் 2 அலகுகள் இருந்தால் 100 முறையில் 97 முறை போதும். ஸ்டோர்ஸில் இருந்ததோ 3.

தரவு கொடுத்ததற்குக் கைம்மாறாக நிறுவனம் ஓர் இடைக்கால அறிக்கை கேட்டிருந்தது. அவள் கொடுத்தாள். அதில் பல பாகங்களைப் பற்றிப் பல வரிகள் இருந்தன. நிதிப் பிரிவு படித்தது ஒரு வரி. மூன்றாவது ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் தரகர் ஒருவர் வழியே விற்கப்பட்டது. அடுத்த ஆண்டின் உதிரிபாக ஒதுக்கீடும் குறைந்தது.

எட்டு மாதங்களுக்குப் பின் மழைக்காலத்தில் ஒருநாள் அவள் அந்த ஹாங்கருக்குப் போனபோது ஒரு விமானம் எஞ்சின் மூடி திறந்தபடி நின்றது. பதினொரு நாளாக நிற்கிறது என்றார்கள். இரண்டு அலகுகளும் பழுதுக்குப் போயிருந்தன; மூன்றாவதாக ஒன்று கெட்டிருந்தது. அந்த நிறுவனம் வாடகைப் பயணங்களோடு நோயாளிகளையும் ஏற்றிச் செல்லும். இரு நாள் முன்பு அப்படி ஓர் அழைப்பு வந்தது. வேறு விமானம் கைவசம் இல்லாததால் மறுத்துவிட்டார்கள். பிறகு வேறு யாரோ ஏற்றிச் சென்றார்களாம். எவ்வளவு நேரம் கழித்து, என்ன ஆயிற்று என்பதை யாரும் விசாரிக்கவில்லை. மறுத்த அழைப்பை விசாரிக்கும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை.

நூற்றில் மூன்று என்பது நிகழக்கூடியதே. புள்ளியியல் படித்தவர்க்கு அந்த வாக்கியம் ஒரு தங்குமிடம். அவளும் சிறிது நேரம் அங்கே தங்கியிருக்கலாம். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் தங்கவிடவில்லை.

அவர் விமானப்படையில் பண்டகப் பிரிவில் இருபது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நீள அட்டைக் குறிப்பேடு ஒன்றை எடுத்து வைத்தார். "நீங்கள் கணினியில் கொடுத்ததை எண்ணினீர்கள் அம்மா. கேட்டதை எண்ணவில்லையே," என்றார்.

குறிப்பேட்டில் தேதி, பாக எண், கேட்ட மெக்கானிக்கின் கையெழுத்து, அருகே 'இல்லை' என்ற ஒரு சொல். ஒவ்வொரு பக்கமும் அப்படியே. படையில் கற்ற ஒழுக்கம் அது: கையில் இல்லாததற்கும் கோரிக்கை கோரிக்கைதான், தரவேண்டியது என்று பதிந்தாக வேண்டும். இந்த நிறுவனத்தின் மென்பொருளில் அதற்கு இடம் இல்லை. இருப்பு பூச்சியம் என்றால் வழங்கல் சீட்டே அச்சாகாது. ஆகவே அவர் கையால் எழுதி வந்தார். யாரும் கேட்டதில்லை, அவரும் காட்டியதில்லை.

ஐந்தாண்டுப் பக்கங்களில் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டருக்கு மட்டும் ஒன்பது 'இல்லை'கள் இருந்தன. 19உம் 9உம் 28. தயாரிப்பாளரின் கணக்கோ 30.

"அப்போது விமானம் எப்படிப் பறந்தது சார்?" என்று கேட்டாள்.

"பக்கத்து விமானத்திலிருந்து கழற்றினோம்," என்றார்.

பரிசோதனைக்காக நிற்கும் விமானத்தின் நல்ல பாகத்தைக் கழற்றிப் பறக்கவேண்டிய விமானத்தில் மாட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். விமானங்களின் லாக் புக்குகளில் அது முறையாகப் பதிவாகும். ஆனால் ஸ்டோர்ஸின் கண்ணுக்கு ஒன்றுமே நிகழவில்லை. கெட்ட அலகு பழுது நீங்கி வந்ததும், அலமாரியைத் தொடாமலே நேராகக் கடன் கொடுத்த விமானத்துக்குப் போய்விடும். ஒன்பதில் இரு முறை பக்கத்து ஹாங்கர்க்காரரிடம் மாற்றுக்கு வாங்கியிருந்தார்கள். அந்தக் கட்டணம் 'இதர சேவைகள்' என்ற தலைப்பில் உறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழுதுக்கு இரண்டு விமானங்களில் கழற்றி இரண்டில் மாட்டிய உழைப்பு எந்தத் தலைப்பிலும் இல்லை. இவ்வழக்கம் போர்விமானங்களிலும் பராமரிப்புப் பணியாளர்களிடத்தும் உண்டாக்கும் தேய்மானத்தைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு 2001இலேயே எச்சரித்திருந்தது. அந்த அறிக்கை அவளுடைய மடிக்கணினியில் ஒரு கோப்பாக இருந்தது. மேற்கோள் பட்டியலில்கூட இருந்தது.

இந்திய விமானப்படையின் ஜாகுவார் இதே உண்மையின் பெரிய வடிவம். மற்ற நாடுகள் அந்த விமானத்தை ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. புதுப் பாகம் செய்வோர் அருகிவிட்டனர். ஆகவே பிரான்சும் ஓமானும் கைவிட்ட விமான உடல்களை உதிரிபாகங்களுக்காகவே இந்தியா பெற்றுக்கொண்டது. அங்கே பக்கத்து விமானம் பக்கத்துக் கண்டத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அது திட்டமிட்டுச் செய்தது, கணக்கில் உள்ளது. பேகம்பேட்டையில் நிகழ்ந்தது கணக்கைவிட்டுத் தப்பியது. ஐந்து விழுக்காட்டுச் சாய்வைத் திருத்துவதற்கு இரண்டாண்டு செலவிட்ட ஆய்வு, தரவிலேயே மூன்றில் ஒரு பங்கு காணாமற் போயிருந்ததைக் கவனிக்கவில்லை. பற்றாக்குறை கூடினால் வழங்கல் குறையும். வழங்கல் குறைந்தால் மதிப்பீடு குறையும். மதிப்பீடு குறைந்தால் ஒதுக்கீடு குறைந்து பற்றாக்குறை மேலும் கூடும். அவள் அந்தச் சுழலுக்குச் சூத்திரத்தின் மதிப்பையும் சேர்த்துவிட்டிருந்தாள்.

அறுபது நாள் என்பதும் நிலைக்கவில்லை. பொறுப்பாளரின் குறிப்பேட்டில் சிவப்பு மையில் இன்னொரு பத்தி இருந்தது: பாகம் உண்மையில் திரும்பி வந்த நாள். ஒப்பந்தத்தின் 60 நாள், பழுது நிறுவனத்தின் வாசலுக்குள் பாகம் நுழைந்தது முதல் வெளியேறும் வரை. அதற்கு முன்னும் பின்னும் கப்பல் முகவர், சுங்கம். இடையில் இன்னொன்று: பாகத்தைப் பிரித்துப் பார்த்தபின் அந்நிறுவனம் விலைக்குறிப்பு அனுப்பும், ஒப்புதல் வரும்வரை அவர்களுடைய கடிகாரம் நின்றுவிடும். அந்த ஒப்புதல் இங்கே நிதிப் பிரிவின் மேசையில் இரண்டு, மூன்று வாரம் கிடந்திருக்கிறது. எல்லாம் சேர்த்துச் சராசரி 95 நாள்.

ஸ்வீடனின் கானி பாம் 1938இல் தொலைபேசி இணைப்புகளுக்காக நிறுவிய தேற்றம் இங்கே இரக்கமின்றிப் பொருந்துகிறது. பழுதில் கிடக்கும் அலகுகளின் எண்ணிக்கை, பழுதுகாலம் எப்படியெல்லாம் சிதறுகிறது என்பதைப் பொறுத்ததன்று. அதன் சராசரியைப் பொறுத்தது. 1968இல் ராண்ட் நிறுவனத்தின் க்ரெய்க் ஷெர்புரூக் அமெரிக்க விமானப்படைக்கென அமைத்த 'மெட்ரிக்' மாதிரியும் இத்தேற்றத்தின் மேல் நிற்பதே. ஆகவே சராசரி தவறானால் எல்லாம் தவறும். ஆண்டுக்கு 5.6 தேவை, 95 நாள்: பழுதில் சராசரி 1.46 அலகுகள். இரண்டை வைத்திருந்தால் 100க்கு 82 முறைதான் போதும். 95 முறை போதவேண்டுமானால் நான்கு வேண்டும். இருந்த மூன்றை அவள் இரண்டாக்கச் சொன்னாள், வேண்டியிருந்ததோ நான்கு.

நெறியாளர் கெட்டவர் அல்லர். தரவை உள்ளபடி ஆண்டிருக்கிறாய், கருத்தரங்கக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, 'வரம்புகள்' என்ற பகுதியில் ஒரு பத்தி சேர்த்தால் போதும் என்றார். முறையியல் நோக்கில் அதில் குறை காண இயலாது. ஆனால் வரம்புகள் பகுதியை நிதிப் பிரிவு படிப்பதில்லை. அவள் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். ஆய்வு ஓராண்டு நீண்டது, உதவித்தொகை நீளவில்லை.

அந்த ஓராண்டில் அவள் செய்தது பெரிதும் எழுத்தர் வேலை. குறிப்பேட்டின் ஒவ்வொரு 'இல்லை'யையும் விமானங்களின் லாக் புக்கோடு ஒப்பிட்டாள். எந்த எண்ணுள்ள அலகு எந்த விமானத்திலிருந்து எதற்குச் சென்றது என்று கோடு இழுத்தாள். பிறகு நிறுவனத்துக்கு இரண்டாம் அறிக்கை கொடுத்தாள். இம்முறை ஒரே பக்கம். நான்கு அலகு வாங்குக என்று அதில் இல்லை. விலைக்குறிப்புக்கு மூன்று நாளில் ஒப்புதல் கொடுத்தால் சராசரி 95 நாள் 80 ஆகும். 80 நாளுக்கு மூன்று அலகுகள் 96 விழுக்காடு போதும் என்று இருந்தது. ஒரு கையொப்பத்தின் தாமதம் ஒரு ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரின் விலைக்குச் சமம் என்பதை நிதிப் பிரிவுக்கு இதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது. விற்ற மூன்றாவதை விற்ற விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

பொதுக் கையிருப்பைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுதினாள். இதே அளவுள்ள நான்கு நிறுவனங்கள் தனித்தனியே நான்கு நான்காக 16 அலகு வைத்திருப்பதற்குப் பதிலாக ஒன்றாக வைத்தால் 10 போதும். பெரிய நிறுவனங்கள் பறப்பு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திப் பாகக் கவலையையே பிறரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. 1962இல் பிரிஸ்டல் சிட்லி தன் வைப்பர் எஞ்சினுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. அரசும் தன் பங்குக்குப் பழுதுபார்ப்புச் சேவையின் வரியை 2020 ஏப்ரலில் 18இலிருந்து 5 விழுக்காடாக்கியது. 5, 12, 18, 28 என்று நான்கு வகையாய்க் கிடந்த பாக இறக்குமதி வரியையும் 2024 ஜூலையில் ஒரே 5 விழுக்காடாக்கியது. ஆனால் பேகம்பேட்டையில் பக்கத்துப் பக்கத்து ஹாங்கர்க்காரர்கள் அவசரத்தில் மாற்றுக் கொடுப்பார்களே தவிர, அலமாரியைப் பொதுவாக்கச் சம்மதிக்கமாட்டார்கள். அந்த அத்தியாயம் அத்தியாயமாகவே இருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கையெழுத்துக் குறிப்பேட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். ஒரு தனிமனிதர் தன் விருப்பத்தில் எழுதியதைத் தரவென்று எப்படி ஏற்பது? அவள் ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினாள். ஒன்பதில் எட்டுக்கு லாக் புக் சாட்சி இருந்தது. ஒன்பதாவதற்கு இல்லை, அந்த விமானம் இடையில் விற்கப்பட்டுவிட்டது, விமானத்தோடு அதன் லாக் புக்கும் போய்விட்டது. அப்படியானால் எட்டு என்றல்லவா எழுதவேண்டும் என்றார் தேர்வாளர். 5.6க்குப் பதில் 5.4 வரும், அலகுகளின் எண்ணிக்கை மாறாது என்பதை அவள் கணக்கிட்டு வைத்திருந்தாள்.

கேட்ட மெக்கானிக்கின் கையெழுத்து இருக்கிறது, ஆகவே ஒன்பதென்றே இருக்கட்டும் என்றாள். தேர்வாளர் சற்று யோசித்து, அடிக்குறிப்பாக அதை எழுதச் சொன்னார். எழுதினாள்.

ஆய்வேட்டின் ஒரு படியைக் கொடுக்கப் பேகம்பேட்டைக்குப் போனபோது பொறுப்பாளர் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனார். அடிக்குறிப்பை இரண்டுமுறை படித்தார். பிறகு ஆய்வேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, கதவருகே சீட்டோடு காத்திருந்த மெக்கானிக்கிடம் பாக எண்ணைக் கேட்டார்.